மழைநாளில் விழுந்த மூன்று வெட்டு

நாலு மணிக்குள்ளே ஒரு ஆளைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டேதான் ஜெனின் என் வீட்டுப் படியேறினாள். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அவளை ஆட்டோவில் கூட்டிவந்த பேபி பின்னாலேயே நுழைந்து, என்னைக் கேட்காமல் சட்டியிலிருந்து ஒரு துண்டு மரச்சீனிக் கிழங்கை எடுத்து வாயில் போட்டான். பேபி என் பெண்டாட்டியின் தம்பி. அந்த ஒரு குறை தவிர அவன்மேல் எனக்குப் பெரிய புகார் கிடையாது.

நான் சிலுவை. மூணாங்கிளாசோடு படிப்பு முடிந்தது. முப்பத்தெட்டு வருசம் மரம் அறுக்கிற ஒரு தடிமில் வாசலில் காவல் இருந்தேன். வெளியே போகிற சாக்கை எல்லாம் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. சாமியார் கொண்டுபோன சாக்கில்கூட தேக்குத் துண்டு எடுத்திருக்கிறேன். வேலை போய்ப் பத்து வருசம் ஆகியும் பிரித்துப் பார்க்கிற புத்தி போகவில்லை. அதனால் ஊரில் எது காணாமல் போனாலும், எவன்மேல் பழி விழுந்தாலும் என்னைத் தேடி வருகிறார்கள். பேபி ஆட்டோவும் ஓட்டுவான், வாயும் ஓட்டுவான்.

ஜெனின் சொன்ன சங்கதி இதுதான். அவள் புருசன் எட்சன் இனயத்தில் ஃபைபர் வேலை செய்கிறவன். மஸ்கட்டில் படகு கட்டுகிற இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை பிளேன். போலீஸ் கிளியரன்ஸ் கடுதாசி ஒன்றுதான் பாக்கி. அது திங்கட்கிழமை கையில் வரவேண்டும். இந்த நேரம் பார்த்து தேங்காப்பட்டணம் முஹம்மது ஷரீஃப், தன் படகை எட்சன் வெட்டிக் கெடுத்துவிட்டான் என்கிறார். நாலு மணிக்கு அஸர் தொழுதுவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுப்பாராம். புகார் விழுந்தால் கடுதாசி வராது. கடுதாசி வராவிட்டால் மஸ்கட் இல்லை.

"உனக்க மாப்பிள்ளை வெட்டலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அவருக்குப் படகுன்னா பிள்ளை மாதிரி, மாமா. கெடுக்க மனசு வராது. வேலைன்னு தொட்டா முதல்ல தட்டித்தான் பாப்பாரு. படகுன்னு இல்ல, சக்கைப்பழம், தண்ணித் தொட்டி, வாசல் கதவு, ஒண்ணையும் தட்டாம தாண்டமாட்டாரு. சத்தத்தை வச்சு உள்ள என்ன கெடக்குன்னு சொல்லிருவாரு. எனக்க தலையைக்கூட தட்டிப் பாப்பாரு."

"என்ன சத்தம் கேட்டுதாம்?" என்றான் பேபி.

"உங்க தலையைவிட நல்ல சத்தமுன்னு சொன்னாரு."

பேபி ஒரு கிழங்கைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு எழுந்தான். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனால் நான் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். பெண்டாட்டி சொல்லுகிற சாட்சியை எந்தக் கோர்ட்டில் எடுக்கிறான்?

தேங்காப்பட்டணத்தில் ஆற்றைப் பார்த்த வீடு ஷரீஃபுக்கு. பின்னால் தென்னந்தோப்பு. தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவே தார்ப்பாய்ப் பந்தல், அதன் கீழே படகு. பதினேழடி நீளம். பிளைவுட்டில் கட்டி மேலே ஃபைபர் போர்த்தியது. பாயும் காற்றும்தான் அதற்கு எஞ்சின். இருபத்துநாலு வருசம் ஷார்ஜாவில் கடைக்கணக்கு பார்த்தபோது, வெள்ளிக்கிழமை தோறும் வெள்ளைக்காரர்கள் பாய்ப்படகு ஓட்டுவதைக் கரையில் நின்று பார்ப்பாராம் மனுசன். ஊருக்குத் திரும்பியதும் பேச்சிப்பாறை அணைப்பக்கம் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கிடந்த இந்தப் படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு வருச உழைப்பு. பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்து, கெட்ட பலகையை மாற்றி, சுக்கானை அயினித் தடியில் புதிதாகச் செய்து, பாயை வீட்டுத் தையல் மெஷினிலேயே தைத்து, கொச்சியிலிருந்து கப்பியும் கயிறும் வரவழைத்து எல்லாம் தயார். பெண்டாட்டி செத்த வீட்டில் அவரும் மகள் முப்ஷிராவும் மட்டும்தான். அந்தப் பெண் நெய்யூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். ஞாயிறு அவளுக்கு லீவு. நாளைக் காலை படகை ஆற்றில் இறக்கி, ஆறு கடலில் சேருகிற பொழிமுகம் தாண்டி, வாப்பாவும் மகளும் முதல் ஓட்டம் போவதாக ஏற்பாடு.

"இது உப்பு நாக்கு வைக்காத படகாக்கும், அண்ணாச்சி," என்றார் ஷரீஃப். "அம்பது வருசமும் அணையில, நல்ல வெள்ளத்துல கெடந்தது. கடப்பொறத்துல இந்த மாதிரி ஒண்ணு கெடைக்குமா?"

எங்கள் பக்கத்துக் கண் அப்படி. இரும்பு கரைவதும், சுவர் பொரிவதும், ஃபேன் துருப்பிடிப்பதும் உப்பால். அதனால் உப்பு படாத எதையும் நம்பிவிடுவார்கள்.

பேபி படகைச் சுற்றி வந்தான். "காக்கா, இதுக்கு டீசல் எங்க ஊத்துறது?"

ஷரீஃப் சிரிக்கவில்லை. சிரிக்கிற மனநிலையில் இல்லை. மேலே ஏறி எங்களுக்கு இடத்தைக் காட்டினார். பாய்மரத்தின் கால் படகின் அடியில் ஒரு கட்டையில் ஊன்றி நிற்கும். முழங்கால் உயரக் கட்டை. காற்று பாயில் பிடிக்கிற பாரம் எல்லாம் அந்தக் கட்டையில்தான் இறங்கும். அதன் பக்கவாட்டில் பட்டியும் பெயின்டும் பூசி வழவழவென்று இருந்தது. அந்த வழவழப்பில் மூன்று வெட்டு.

முதல் வெட்டு மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய். எட்சன்தான் ரெசின் வைத்து அடைத்தான். இரண்டாவது, அடுத்த வாரம் திங்கள். அதையும் எட்சன் அடைத்தான். போன செவ்வாய்க்கிழமை, புதன்கிழமைக்குள் வேலையை முடி என்று ஷரீஃப் அவனைச் சாயாக்கடையில் வைத்து நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறார். அவனும் திருப்பிக் கத்திவிட்டுப் போயிருக்கிறான். புதன்கிழமை மூன்றாவது வெட்டு. மூன்றுமே அவர் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்த நேரத்தில் விழுந்தவை. அவர் எப்போது போவார், எப்போது வருவார் என்பது எட்சனுக்கு நன்றாகத் தெரியும் என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் முதலில் எனக்குத் தோன்றியது வெட்டைப் பற்றி இல்லை. ஒரு பழைய படகில் மற்ற இடமெல்லாம் தழும்பும் பொத்தலுமாக இருக்க, ஒரு கட்டை மட்டும் புதுப்பெண் மாதிரி இருந்தால் என்ன அர்த்தம்? தடிமில் வாசலில் நின்றவனுக்குப் பளபளப்பு என்றாலே பயம். அதைச் சொல்லாமல் மனசில் முடிந்துவைத்தேன்.

பிறகு வெட்டு. அடைத்த இரண்டும் ரெசின் கோடாகத் தெரிந்தன. ஒரு சாண் நீளம். இடதுபக்கம் மேலே தொடங்கி வலதுபக்கம் கீழே சரிகிற வெட்டு. மூன்றும் ஒரே சாய்வு. ஒன்றுக்குக் கீழே ஒன்று, விரற்கடை இடைவெளி விட்டு, அளந்து போட்டது போல. மூன்றாவது வெட்டின் செதில் இன்னும் கீழே கிடந்தது. எல்லாச் செதிலும் ஒரே கனம். பட்டியை முக்கால்வாசி சீவிவிட்டு, தடிக்குச் சற்று முன்னால் வெட்டு நின்றுபோயிருந்தது.

மரத்தைக் கெடுக்க வருகிறவன் கோடாலியால் ஒன்று போட்டுவிட்டுப் போவான். மீன் அறுக்கிற எங்கள் பக்கத்து ஆள் என்றால் அழுத்தி அறுப்பான். இது இழுத்துச் சீவிய வெட்டு. பொறுமையாக, பழகிய கையால் சீவியது. கெடுக்கிறவனுக்கு எதற்குப் பொறுமை?

ஷரீஃப் தன் போனில் எடுத்துவைத்த படங்களைக் காட்டினார். முதல் நாள் தார்ப்பாயில் மழைவெள்ளம் சொட்டுகிறது. மூன்றாம் நாளும் சொட்டுகிறது. மழைச்சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நாள் பார்த்து வந்திருக்கிறான் என்று பேபி துப்பறிந்து சொன்னான். ஆனால் இரண்டாம் நாள் படத்தில் தார்ப்பாய் காய்ந்து கிடந்தது. அன்றைக்குக் கொல்லுகிற வெயில் என்றார் ஷரீஃப்.

பேபிக்கு உடம்பெல்லாம் வாய் என்றாலும் ஞாபகம் மட்டும் கெட்டி. "திங்கக்கிழமையா? அன்னைக்கு நான் மலையடியில குலசேகரத்துக்கு ஒரு கல்யாண ஓட்டம் போனேன். இங்க வெயிலு, அங்க விடியக்காலத்துலேர்ந்து பேய்மழை. பொண்ணு மாப்பிள்ளையைவிட நான்தான் கூடுதல் நனைஞ்சேன்."

அவனை ஒருநாளும் நான் பாராட்டியதில்லை. அன்றும் பாராட்டவில்லை. ஆனால் தோள்மேல் கை வைத்துப் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து வடகிழக்கே காட்டினேன். இங்கே வானம் வெளுத்திருந்தது. மலைப்பக்கம் மட்டும் கறுத்துக் கிடந்தது.

"மலையில மழை பெஞ்சா யாருக்குலே லீவு?" என்று கேட்டேன்.

பேபி யோசித்தான். "பள்ளிக்கூடத்துக்கு."

"அதுக்கு மேல?"

அப்புறம் அவன் வாய் மூடியது. மூடினால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். ரப்பர் மரத்தில் இடமிருந்து வலமாகச் சாய்த்து, நேற்றுப் போட்ட வெட்டுக்குக் கீழே இன்றைய வெட்டை இழுப்பார்கள். பட்டையை மட்டும் சீவவேண்டும். உள்ளே தடியில் காயம் பட்டால் அந்த மரம் பால் தராது. விடியக்காலம் மழை பிடித்தால் அன்றைக்குப் பால்வெட்டு கிடையாது. அன்றைக்கு அவனுக்குப் பஸ் ஏறி எங்கே வேண்டுமானாலும் போகலாம். மத்தியானத்துக்கு இங்கே வந்து சேரலாம்.

பேபி குலசேகரத்தில் சம்பந்தக்காரன் ஒருத்தனை போனில் கூப்பிட்டான். விடியற்காலை மூன்று மணியிலிருந்து மழை, வெட்டில்லை, மூடிப் படுத்துக் கிடக்கிறேன் என்று அவன் சொன்னானாம். அப்படியென்றால் குலசேகரம் போகலாம் என்று பேபி ஆட்டோச் சாவியை எடுத்தான். நான் வேண்டாம் என்றேன். நாளைக்குப் படகு இறங்குகிறது. அந்த ஆளுக்கு இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. முப்பது கிலோமீட்டர் நாம் ஏன் போகவேண்டும், அவன்தான் வரப்போகிறானே.

ஷரீஃபிடம் காரணம் சொல்லவில்லை. வழக்கம்போல முன்வாசலைப் பூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகச் சொன்னேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். நல்லதுதான். நம்பாத மனுசனைத்தான் எனக்கும் கொஞ்சம் நம்பத் தோன்றும். பேபி தோப்பில் தேங்காய்த் தொண்டுக் குவியலுக்குப் பின்னால் குந்தினான். நான் படகுக்குள்ளேயே ஏறி, அந்தக் கட்டைக்கு எதிரே, சுருட்டி வைத்த பாயின்மேல் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். ஆளுக்கு முன்னால் வாடை வந்தது. ரப்பர் ஒட்டுப்பாலின் நாற்றம். எத்தனை சோப்பு போட்டாலும் வேட்டியை விட்டுப் போகாது. பிறகு ஒரு கை விளிம்பைப் பிடித்தது. பிறகு தலை. ஐம்பது ஐம்பத்தைந்து வயசு. நெற்றியில் அய்யாவழிக்காரர்கள் இடுகிற வெள்ளை நாமம், மேலே நீண்டு, வேர்வையில் கொஞ்சம் கலைந்திருந்தது. கையில் நுனி வளைந்த கத்தி. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"இரி மக்கா," என்றேன். "கத்தியைப் பைய கீழ வையி. நீ குலசேகரத்துக்காரன். ரப்பர் வெட்டுறவன். இனி எனக்குத் தெரிய வேண்டியது உனக்க பேரு மட்டுந்தான்."

பின்னால் பேபி வந்து நின்றுவிட்டான். ஓடுவதற்கு இடமில்லை. ஓடுகிற ஆளாகவும் தெரியவில்லை. கத்தியை வைத்துவிட்டு, கோயில் வாசலில் உட்காருகிற மாதிரிக் கால் மடக்கி உட்கார்ந்தான்.

"சுயம்புராஜ்," என்றான்.

மிச்சத்தை அவன் தலை நிமிராமல்தான் சொன்னான். அந்த எஸ்டேட்டில் பால்வெட்டும் காவலும் அவனுக்கு. கொட்டகையின் ஓடு உடைந்து ஆறு மழைக்காலம் படகுக்குள் மழைவெள்ளம் கட்டிக் கிடந்தது. முதலாளி எங்கேயோ வெளிநாட்டில். விறகுக்குக் கொடுத்துவிடு என்று சொல்லியிருந்தாராம். விறகாகக் கொடுக்க இவனுக்கு மனசில்லை. பாய்மரக் கட்டை மட்டும்தான் கெட்டிருந்தது. கார்ப் பட்டறையில் பட்டி வாங்கிப் பூசி, பெயின்ட் அடித்து, நல்ல படகு என்று ஷரீஃபுக்குக் கொடுத்துவிட்டான். வீட்டு முற்றத்தில் அழகுக்கு வைப்பார்கள் என்றுதான் நினைத்தானாம். போன மாசம் அவன் பெண்டாட்டியை நெய்யூருக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் எடுக்க வந்த பெண் அவனை அடையாளம் கண்டு, லாரியில் படகு ஏற்றித் தந்த மாமா என்று சிரித்து, போனில் படகைக் காட்டியிருக்கிறாள். ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை வாப்பாவும் நானும் கடலுக்குப் போறோம் என்று சொல்லியிருக்கிறாள்.

"அதுக்குப் பொறவு நிழல்தாங்கலுக்குப் போனேன், அண்ணாச்சி. எங்க கோயில்ல சாமி இருக்குற இடத்துல கண்ணாடியாக்கும் இருக்கு. கும்பிட நின்னா எனக்க மொகம்தான் தெரியும். நிக்க முடியல்ல."

"வந்து வாய் தொறந்து சொல்லியிருக்கலாமே. எதுக்கு வெட்டணும்?"

"சொன்னா வித்தவன் நாந்தானே. ஏமாத்துக்காரன்னு ஆவும். அந்தப் பிள்ளை எனக்க பொண்டாட்டிக்குக் கையைப் பிடிச்சு ரத்தம் எடுத்த பிள்ளை. வெட்டிப் போட்டா இவங்களே உள்ள பாத்து, கட்டையை மாத்துவாங்கன்னு நினச்சேன். ஒவ்வொரு தடவையும் வந்து பாத்தா அடைச்சு வச்சிருக்காங்க."

பேபி கேட்டான், கொஞ்சம் அமுக்கி வெட்டியிருந்தால் என்ன என்று. ஒரு நெல்மணி கனம் கூடுதல் ஆழம் போயிருந்தால் உள்ளே இருக்கிறது வெளியே தெரிந்திருக்குமே.

சுயம்புராஜ் தன் வலது கையை வேறு யாருடைய கையோ போலத் திருப்பிப் பார்த்தான். "போவாது. முப்பது வருசமாச்சு. மனசு அமுக்கச் சொல்லும். தடி பக்கத்துல வந்தா கை தன்னால நின்னுரும்."

மூன்று தடவை பஸ் ஏறி வந்து, மூன்று தடவையும் காயப்படுத்தாமலே போயிருக்கிறான். வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் முதல் நாளே வேலை முடிந்திருக்கும்.

ஷரீஃப் தொழுதுவிட்டு வந்தபோது நாங்கள் மூன்று பேரும் படகில் உட்கார்ந்திருந்தோம். அவர் பேச ஆரம்பிக்குமுன் பேபியின் ஆட்டோவிலிருந்த பெரிய ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்து, அந்த வெட்டில் வைத்துக் குத்தச் சொன்னேன். தயங்கினார். குத்தினார். இட்டிலியில் ஈர்க்கு இறங்குகிற மாதிரி பிடிவரைக்கும் இறங்கியது. இழுத்தால் கறுப்பாக, ஈரமாக, பொடிப்பொடியாக வந்தது. இன்னும் இரண்டு குத்து. கட்டை என்று ஒன்று உள்ளே இல்லை. வெளியே இருந்த பட்டிதான் கட்டை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

பொழிமுகம் தாண்டி ஒரு நல்ல காற்று பிடித்திருந்தால் பாய்மரம் அதைத் துளைத்து, அடிப்பலகையையும் துளைத்துக்கொண்டு போயிருக்கும். அதை நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தேவையில்லை என்று தெரிந்தது.

"உப்பு தொடல்லன்னுதானே வாங்கினேன்," என்றார், யாரிடமோ சொல்வது போல.

"அதாக்கும் கேடு. கருவாட்டை உப்புல போட்டு வைப்பியா, மழைவெள்ளத்துல போட்டு வைப்பியா? உப்புவெள்ளத்துல கெடந்த தடி நிக்கும், ஷரீஃபு. நல்ல வெள்ளந்தான் தடியைத் தின்னும்."

சுயம்புராஜ் எழுந்து எல்லாவற்றையும் அவரிடம் தானே சொன்னான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஷரீஃபின் கை ஒருமுறை உயர்ந்தது. அடிக்கப் போகிறார் என்று பேபி நடுவில் வந்தான். அவர் அடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடுதாசியை எடுத்தார். ஸ்டேஷனுக்கு எழுதி வைத்த புகார். அதை விரித்து, அந்தக் கறுப்புப் பொடியை ஒரு கை அள்ளி அதில் வைத்துப் பொட்டலம் கட்டினார். முப்ஷிரா வேலை முடிந்து வந்ததும் காட்டவேண்டும் என்றார்.

பிறகு சுயம்புராஜைப் பார்த்தார். "திங்கக்கிழமை வரணும். மழை பெஞ்சாலும் பெய்யாட்டியும். இதைத் தோண்டி எடுக்குறது நீதான். இந்தத் தடவை தடியில கொள்ளணும்."

அவன் தலையாட்டினான். பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோகும்போது கத்தியை மறந்து வைத்துவிட்டான். பேபி ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

இனயத்துக்குப் போகிற வழியெல்லாம் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜெயித்த ஆளுக்கு இந்த மூஞ்சி ஆகாது, இழவு வீட்டுக்குப் போகிற சவாரி என்று நினைத்து நாலு பேர் வழிவிடுகிறார்கள் என்றான் பேபி. ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றேன்.

மூன்றரை மணிக்கு ஜெனினின் வீட்டை அடைந்தோம். எட்சன் முற்றத்தில் தன் கிரைண்டரைத் துடைத்துச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயசு, ஒல்லி, ஃபைபர் தூள் ஏறி அரித்துச் சிவந்த கைகள். உள்ளே மேசைமேல் பாதி அடுக்கிய பெட்டி, அதன்மேல் பாஸ்போர்ட். புகார் இனி இல்லை என்றேன். வெட்டியது யார், ஏன் வெட்டினான், கட்டைக்குள் என்ன இருந்தது எல்லாம் சொன்னேன். ஜெனின் மாதா படத்தைப் பார்த்துக் கையெடுத்தாள். கண் நிறைந்துவிட்டது. எட்சன் என் முகத்தைப் பார்க்காமல் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரே முடிச்சை இரண்டு தடவை போட்டான்.

"அப்போ அவருமேல ஒரு குத்தமும் இல்ல, இல்லியா மாமா?"

"வெட்டினது அவன் இல்ல," என்றேன்.

அவள் சாயா போட உள்ளே போனாள். பேபி என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் கேட்டதற்கு நான் முழுசாகப் பதில் சொல்லவில்லை என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. நான் எழுந்து புறப்பட்டேன். சாயா வேண்டாம், போகலாம் என்றேன். ஷரீஃப் குத்தியபோதே எனக்குத் தெரிந்த ஒன்று அங்கே இருந்தது. அது என் வாயால் வரவேண்டாம் என்று நினைத்தேன். புகாரை நிறுத்தத்தானே என்னைக் கூப்பிட்டாள், அது நின்றாயிற்று.

படியிறங்குமுன் உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம் நின்றது. ஜெனின் வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு தடவை அந்தக் கட்டையை அடைச்சது நீங்கதானே?" என்றாள் எட்சனிடம்.

அவன் முடிச்சை இழுத்து இறுக்கினான்.

"தட்டாம அடைச்சிருக்க மாட்டியளே."

பேபி படியிறங்கி ஆட்டோப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

எட்சன் கிரைண்டர் சாக்கைக் கீழே வைத்தான். "ரெண்டாம் தடவை தட்டினேன். சத்தம் செத்துக் கெடந்தது. சொன்னா கட்டையை எடுக்கணும், ஒரு மாசம் பிடிக்கும். எனக்கு விசா வந்தாச்சு. ஆத்துலதானே ஓட்டுவாவன்னு நினச்சேன்."

"பொழி தாண்டிப் போறாவன்னு நீங்கதானே வந்து எனக்கிட்ட சொன்னிய. அந்தப் பிள்ளையும் போவுதுன்னு."

ஒருத்தன் ஏமாற்றி விற்றான். அவன் நாலு தடவை பஸ் ஏறி வந்தான். இவன் பக்கத்திலேயே நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தான். எவனை நம்புவது? நான் இதைப் பற்றி நிறைய யோசிக்கிற ஆள் இல்லை. வாசலில் நின்று சாக்கைப் பிரித்துப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

ஜெனின் உள்ளே போய்ப் பெட்டிமேல் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்தாள். காலையில் அதற்காகத்தான் என் படி ஏறியவள். பீரோவைத் திறந்து அதை உள்ளே போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிச்சங்கிலியில் கோர்த்துக்கொண்டாள்.

"ஷரீஃப் காக்காகிட்டப் போய் நீங்களே சொல்லுங்க. புதுக் கட்டை வச்சு, அந்தப் பிள்ளை முன்ன நின்னு தட்டிக் காட்டிட்டு வாங்க. அதுக்குப் பொறவு மஸ்கட் இருந்தா போவலாம்."

எட்சன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கிரைண்டர் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்து ஆட்டோவில் என் பக்கத்தில் ஏறினான். பேபி வண்டியைத் தேங்காப்பட்டணம் பக்கமாகத் திருப்பினான். எட்சனின் விரல் பழக்கத்தில் ஆட்டோக் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தது.

"சத்தம் எப்படி இருக்கு, எட்சா?" என்றான் பேபி, திரும்பிப் பார்க்காமல்.

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஷரீஃபின் வீடு வரும்வரை பிறகு எதையும் தட்டவில்லை.